வாசகர் கேள்வி – பதில்: நிரல் தெரியாதவருக்கு டாவோவில் இடம் உண்டா?

பலர் சேர்ந்து பணம் போட்டு, தலைவர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல், விதிகளைக் கணினி நிரலாக எழுதிவைத்து, வாக்கெடுப்பால் நடத்தும் அமைப்புகளைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு என்பது முழுப்பெயர். டாவோ என்றால் போதும், எல்லோருக்கும் புரிகிறது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி இருந்தன: தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கு அங்கே என்ன மதிப்பு?

புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நிரலாளர் அல்ல. 19 ஆண்டுகள் அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவள். நான்கு ஆண்டுகளாக ஒரு டாவோவில் உறுப்பினர். அதில் கடைசி இரண்டு ஆண்டுகளாகச் சில உறுப்பினர்கள் தங்கள் வாக்கை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்போடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். நிரல் எழுதத் தெரியாது. டாவோவில் சேர்ந்தால் வேடிக்கை பார்ப்பவளாக மட்டும் இருக்க வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்தவுடன் பங்கேற்பு தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

சேர்ந்த முதல் எட்டு மாதங்களில் 11 வாக்கெடுப்புகள் நடந்தன. ஒவ்வொன்றின் முன்மொழிவையும் முழுவதும் படித்து, கட்டணம் கட்டி, வாக்களித்தேன். எட்டாம் மாதம் ஒரு நாள் முடிவுப் பட்டியலில் என் கணக்கின் முகவரியைத் தேடிப் பார்த்தபோது, பக்கத்தில் பூஜ்யம் என்று இருந்தது. பதினொன்றிலும் பூஜ்யம். டாவோவில் பங்குபோல இருக்கும் டோக்கன் கையில் இருந்தால் மட்டும் வாக்குரிமை வராது. அந்த உரிமையை யாராவது ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், நாமே வாக்களிப்பதாக இருந்தால் நமக்கு நாமே ஒப்படைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டோக்கன்களை மாற்றிக்கொள்ள உதவும் யூனிஸ்வாப், கடன் தரும் காம்பவுண்ட், முகவரிகளுக்குப் பெயர் தரும் இஎன்எஸ் போன்ற பெரிய டாவோக்களிலும் இதே முறைதான். இதற்குக் காரணமும் உண்டு. எந்த நேரத்தில் யாரிடம் எத்தனை டோக்கன் இருந்தது என்ற வரலாற்றைப் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் எழுதக் கட்டணம் ஆகும். அதனால் கேட்பவர்களுக்கு மட்டும் எழுதுவது என்று வைத்திருக்கிறார்கள். காரணம் சரியானது. அதைப் புதியவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

அன்று இரவே அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். "என் வாக்கும் பூஜ்யம்தான்" என்று ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். டாவோவில் நான் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

உங்கள் தொழிலுக்கு அங்கே பெரிய தேவை இருக்கிறது. டாவோவின் கருவூலத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு பரிமாற்றமும் பொதுப் பதிவேட்டில் கிடக்கிறது. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து "இந்தக் காலாண்டில் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இதற்காகப் போனது" என்று ஒரு வரவு செலவு அறிக்கை எழுதித் தருபவர்கள் மிகக் குறைவு. அதை எழுதத் தொடங்குங்கள். மூன்று மாதங்களில் உங்களைத் தேடி வருவார்கள்.

கேள்வி: எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?

கதவு திறந்துதான் இருக்கிறது. அனுமதி கேட்காமல் உள்ளே போகலாம். உள்ளே போன பின் யார் பேச்சு எடுபடுகிறது என்று பாருங்கள்.

செயினாலிசிஸ் நிறுவனம் 2022 ஜூனில் வெளியிட்ட ஆய்வு, பல முக்கிய டாவோக்களில் டோக்கன் வைத்திருப்பவர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடம் 90 விழுக்காடு வாக்கு வலிமை குவிந்திருக்கிறது என்று காட்டியது. யூனிஸ்வாப்பை எடுத்துக்கொள்வோம். தொடங்கியபோது மொத்தம் 100 கோடி டோக்கன்கள். தொடக்கத்தில் ஒரு முன்மொழிவை வைக்கவே ஒரு கோடி டோக்கன் வேண்டும் என்று விதி இருந்தது. பிறகு 25 லட்சமாகக் குறைத்தார்கள். 2020 செப்டம்பரில் பழைய பயனர் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கிடைத்தது 400 டோக்கன். அந்த 400ஐ மட்டுமே வைத்திருந்தவர்கள் 6,250 பேர் ஒன்று சேர்ந்தால்தான், குறைக்கப்பட்ட அந்த வரம்பையே அன்று தொட முடிந்திருக்கும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. அந்த டோக்கன்கள் மலிவாகவோ இலவசமாகவோ யாருக்குக் கிடைத்தன? டோக்கன்களை வைத்துக்கொள்ளும் மின்பணப்பையான வாலட்டை முன்கூட்டியே வைத்திருந்தவர்களுக்கு. நிரலாக எழுதப்பட்ட ஸ்மார்ட் ஒப்பந்தங்களை முதலிலேயே பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு. அதாவது தொழில்நுட்பம் முதலில் தெரிந்தவர்களுக்கு. அன்றைய திறமை டோக்கனாயிற்று, டோக்கன் வாக்காயிற்று. பணமும் திறமையும் இரண்டு தனித்தனித் தடைகள் என்று பலர் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை அவை ஒரே தடையின் இரண்டு பக்கங்கள்.

ஒரு நல்ல முயற்சியையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் இஎன்எஸ் தன் டோக்கன்களை வழங்கியபோது, அவற்றைப் பெற வந்தவர்கள் வழியிலேயே அமைப்பின் அடிப்படை விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கருத்துச் சொல்லும்படியும், ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்படியும் பக்கத்தை அமைத்திருந்தார்கள். எனக்கு எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது, அங்கே வந்தவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. அந்தப் பக்கத்தை வடிவமைத்தவரை நேரில் பார்த்தால் கைகூப்பி வணங்குவேன்.

கேள்வி: நான் ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் எழுதும் நிரலாளன். நிரல் தெரியாதவர்களும் வாக்களிக்கலாம் என்ற உங்கள் கட்டுரையோடு எனக்கு உடன்பாடில்லை. நிரலை வாசிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கான பணத்தின் மீது வாக்களிப்பது எல்லோருக்கும் ஆபத்து. வாக்களிக்கும் முன் ஒரு தேர்ச்சித் தேர்வு வைத்தால் என்ன?

தம்பி என்று உரிமையோடு அழைக்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் சொல்லும் மருந்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

2016இல் தி டாவோ என்ற பெயரிலேயே தொடங்கிய முதல் பெரிய அமைப்பை நினைத்துப் பாருங்கள். சில வாரங்களில் ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர், அதாவது எத்தேரியம் என்ற பிளாக்செயினின் நாணயம், சேர்ந்தது. அதன் நிரலை எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள். படித்துப் பார்த்தவர்களில் பலர் அந்தத் துறையின் முன்னோடிகள். ஆய்வாளர்கள் மே மாதமே குறைகளைச் சுட்டி, வாக்கெடுப்பை நிறுத்திவையுங்கள் என்றார்கள். ஜூன் தொடக்கத்தில், கணக்கைக் குறைக்கும் முன்பே பணத்தை அனுப்பிவிடும் ஒப்பந்தங்களிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஓட்டை வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஜூன் 12ஆம் தேதி, நிரலை உருவாக்கிய தரப்பு டாவோவின் நிதிக்கு ஆபத்து இல்லை என்று அறிவித்தது. ஐந்தாவது நாள், ஜூன் 17 அன்று, அதே வகை ஓட்டை வழியாக 36 லட்சம் ஈதர் வெளியேறியது. அதை மீட்க எத்தேரியம் சங்கிலியையே ஜூலை 20 அன்று இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. உங்கள் தேர்ச்சித் தேர்வை அந்த நிபுணர்கள் எல்லோரும் முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள்.

2021 செப்டம்பர் இறுதியில் காம்பவுண்டில் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 62ஆம் முன்மொழிவு. "பெரியது அல்லது சமம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பெரியது" என்ற குறி மட்டும் இருந்தது. விடுபட்டது ஒரே ஒரு குறி. அதனால் சிலருக்குச் சேர வேண்டியதற்கு மேல் டோக்கன்கள் கொட்டின. முதலில் ஆபத்துக்கு உள்ளானது ஏறத்தாழ 8 கோடி டாலர். தவறு தெரிந்த பிறகும் உடனே நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் எந்தத் திருத்தமும் ஏழு நாள் நடைமுறையைக் கடந்தாக வேண்டும். ஒரு மெய்ப்புத் திருத்துநருக்கு இந்தச் செய்தி எப்படி வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியவரின் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. அவர் திறமை குறைந்தவர் என்பதால் அல்ல. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் கண் வாசிக்கிறது. இரண்டாவது கண் வேண்டும். எங்கள் தொழில் இருப்பதே அதற்காகத்தான்.

இப்போது டொர்னாடோ கேஷ் என்ற, பணம் போன தடத்தை மறைக்கும் சேவையின் டாவோ, 2023 மே 20. ஒருவர் ஒரு முன்மொழிவை வைத்தார். ஏற்கெனவே நிறைவேறிய ஒரு முன்மொழிவின் அதே நிரல்தான் என்று விளக்கத்தில் எழுதியிருந்தார். உள்ளே கூடுதலாக ஒரு செயல்பாடு இருந்தது: ஒப்பந்தம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வசதி. வாக்கெடுப்பு முடிந்து நிறைவேறியவுடன் பழைய நிரலை அழித்து, அதே முகவரியில் வேறு நிரலை வைத்தார். அதைக் கொண்டு தனக்கு 12 லட்சம் வாக்குகளை வழங்கிக்கொண்டார். நியாயமான வாக்குகள் மொத்தமே ஏறத்தாழ 7 லட்சம். அமைப்பு அவர் கைக்குப் போய்விட்டது.

இதை நீங்கள் உங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டுவீர்கள் என்று தெரியும். நிரல் தெரியாதவர்கள் விளக்கத்தை நம்பி வாக்களித்தார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நிரல் தெரிந்தவர்களும் அதே விளக்கத்தை நம்பித்தானே விட்டார்கள்? "முன்பு பார்த்ததுதான்" என்ற வாக்கியத்தில் எல்லோருடைய கண்ணும் மூடிக்கொண்டது. விளக்கமும் நிரலும் ஒன்றா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பொறுப்பு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரு திறமைதான் தம்பி. அதை எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் டாவோவில் மொழிபெயர்ப்புக் குழுவுக்கு 12,000 டோக்கன் கொடுக்க ஒரு முன்மொழிவு வந்தது. நிரல் பகுதியில் 12,000க்குப் பின்னால் ஆறு பூஜ்யங்கள் இருந்தன. ரூபாயைப் பைசாவில் எழுதுவது போல, நிரலில் தொகையை மிகச்சிறிய அலகில்தான் எழுதுவார்கள்; எங்கள் டோக்கனுக்கு அப்படி 18 பூஜ்யங்கள் வர வேண்டும். டாலரோடு கட்டப்பட்ட யுஎஸ்டிசி போன்ற நாணயத்துக்குத்தான் ஆறு. நான் நிரலை வாசிக்கவில்லை. முந்தைய மூன்று முன்மொழிவுகளை எடுத்துப் பூஜ்யங்களை எண்ணினேன், பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு. அப்படியே நிறைவேறியிருந்தால் அந்தக் குழுவுக்கு ஒரு டோக்கனில் ஏறத்தாழ எட்டுக் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கிடைத்திருக்கும். அவர்களில் பலர் அந்தத் தொகையை நம்பி வேறு வேலையை விட்டுவந்தவர்கள். மூன்று நிரலாளர்கள் ஏற்கெனவே அதைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அவர்கள் தர்க்கத்தைப் பார்த்தார்கள், நான் எழுத்தைப் பார்த்தேன். இரண்டும் தேவைப்பட்டன.

ஆகவே என் நிலை இது: தேர்வு வைப்பதானால் முன்மொழிவுக்கு வையுங்கள். நிரல் தெரியாத ஐந்து உறுப்பினர்களிடம் கொடுத்து, இது யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது, எதை மாற்றுகிறது, தவறினால் என்ன ஆகும் என்று அவர்கள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் முன்மொழிவு தேறவில்லை. இதை அவர்கள் மீதான இரக்கமாக நினைக்காதீர்கள். சொல்ல முடியாத முன்மொழிவுக்குள்தான் திருடனும் ஒளிகிறான், பிழையும் ஒளிகிறது. புரியாதவர்களை வெளியே அனுப்பிவிட்டால் "புரியவில்லை" என்று சொல்ல ஆளே இருக்காது.

உங்களைப் போன்றவர்கள் இதற்கு உதவ வழி இருக்கிறது. ஒரு முன்மொழிவு நிறைவேறினால் என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து அறிக்கை தரும் கருவிகள் வந்துவிட்டன. யூனிஸ்வாப்பில் சீட்பெல்ட் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அறிக்கைகளை இன்னும் எளிய மொழியில் எழுதவைக்க உங்களால் முடியும். அந்த இடத்தில் என்னால் முடியாது.

கேள்வி: குறைந்தபட்சம் எவ்வளவு நிரல் அறிவு வேண்டும்? எந்த மொழி?

ஸ்மார்ட் ஒப்பந்தங்களை எழுதும் மொழியான சாலிடிட்டி. எழுதக் கற்க வேண்டாம், வாசிக்கப் பழகுங்கள். ஒரு முன்மொழிவில் எந்த ஒப்பந்தம், எந்தச் செயல்பாடு, எந்த முகவரி, எவ்வளவு தொகை என்ற நான்கையும் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். முகவரியை முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். முனைகள் ஒன்றாகவும் நடு வேறாகவும் இருக்கும் போலி முகவரிகளை உருவாக்கி ஏமாற்றுவது வழக்கமாகிவிட்டது. முழுவதையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை மிகக் குறைவு. திரைவாசிப்பான் உதவியோடுதான் கணினியைப் பயன்படுத்துகிறேன். வாலட் அமைக்கும்போதே நின்றுவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திறமை வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த முதல் படியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வாலட்டை மீட்கத் தரப்படும் 12 அல்லது 24 சொற்கள், 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. இந்த முறை 2013இல் வந்தது. அதிகாரபூர்வப் பட்டியல்கள் ஆங்கிலம், ஜப்பான், கொரியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துகீசியம், இரு வகைச் சீன எழுத்து ஆகியவற்றில் இருக்கின்றன. தமிழ் இல்லை, இந்திய மொழி எதுவும் இல்லை. பெரும்பாலான வாலட்டுகள் ஆங்கிலத்தை மட்டுமே தருகின்றன. ஆங்கிலம் தெரியாத ஒருவர் தன் முழுச் சேமிப்பின் சாவியைத் தனக்குப் பொருள் தெரியாத சொற்களில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. ஓர் எழுத்துப் பிழை போதும், கதவு திறக்காது.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு நுட்பம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு எழுத்துகளை மட்டும் பிரெய்லில் பதித்துவைத்தால் போதும். மூன்றெழுத்துச் சொற்களை அப்படியே பதியுங்கள்.

சிறிய திரை கொண்ட வன்பொருள் வாலட்டுகளை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்; அந்தத் திரையைத் திரைவாசிப்பானால் வாசிக்க முடியாது. நம்பிக்கையான சிலரைப் பாதுகாவலர்களாக நியமித்து, சாவி தொலைந்தால் அவர்களின் ஒப்புதலோடு மீட்டுக்கொள்ளும் வகை வாலட்டுகள் இருக்கின்றன. உங்களுக்கு அதுவே பொருத்தம். ஒரு எச்சரிக்கை: அமைத்துத் தருகிறேன் என்று இணையத்தில் முன்வரும் எவரிடமும் அந்தச் சொற்களைச் சொல்லாதீர்கள். டாவோவின் நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் சொல்லாதீர்கள். நல்ல எண்ணம் உள்ள எவரும் அவற்றைக் கேட்க மாட்டார்.

கேள்வி: சிறு தொகை போடுபவர்களைக் கட்டணமே விழுங்கிவிடுகிறது என்கிறார்கள். சரியா?

2021 நவம்பரில் நடந்ததைச் சொன்னால் போதும். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் அச்சுப் பிரதிகளில் ஒன்றை சோதபீஸ் ஏலத்தில் வாங்க கான்ஸ்டிடியூஷன் டாவோ என்று ஒன்று கூடியது. சில நாட்களில் 17,437 பேர் சேர்ந்து ஏறத்தாழ 4.7 கோடி டாலர் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 206 டாலர். அவ்வளவு சிறிய கைகள். ஏலத்தில் தோற்றார்கள்; கட்டணங்களோடு 4.32 கோடி டாலருக்கு அது வேறொருவருக்குப் போனது. பணத்தைத் திரும்பப் பெற வேண்டிய நேரம் வந்தபோதுதான், பரிமாற்றக் கட்டணம் பலர் கொடுத்த தொகையையே தின்றுவிடும் என்று தெரிந்தது. பெரிய தொகை கொடுத்தவருக்கு அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. எத்தேரியத்தின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளில் கட்டணம் மிகக் குறைவு, 2024 மார்ச்சில் வந்த எத்தேரியம் மாற்றத்துக்குப் பிறகு இன்னும் குறைந்தது. ஸ்னாப்ஷாட் என்ற வாக்களிப்புத் தளம் வழியாக வாக்களிக்கக் கட்டணமே இல்லை. கையொப்பம் மட்டும் போதும். ஆனால் அப்படிப் பதிவான முடிவைப் பிறகு சில கையொப்பக்காரர்கள் நிறைவேற்ற வேண்டியிருக்கும். அவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: டோக்கனுக்கு ஒரு வாக்கு என்பதை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் எல்லாம் தீருமே?

எனக்கும் அந்த ஆசை உண்டு. தடை என்னவென்றால், வாலட் முகவரி ஒரு மனிதர் அல்ல. ஒருவரே ஒரு மாலைக்குள் ஆயிரம் முகவரிகளை உருவாக்கலாம். அவற்றை வடிகட்ட அடையாளச் சான்று கேட்டால், சான்று இல்லாதவர்களும் பெயரை வெளியிட அஞ்சுபவர்களும் வெளியே நிற்பார்கள்.

நடுவழிகள் இருக்கின்றன. கிட்காயின் என்ற நிதித் தளம் பொதுப்பணிகளுக்குப் பணம் பகிர்ந்த முறையில், கொடுத்த ஒவ்வொரு தொகையின் வர்க்கமூலத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தினார்கள். ஒருவரே 100 டாலர் கொடுத்தால் கணக்கு 100தான். நூறு பேர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் 10,000. எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதற்கு அங்கே எடை. ஆப்டிமிசம் என்ற இரண்டாம் அடுக்குச் சங்கிலி 2022இல் இரண்டு அவைகளை வைத்தது: ஒன்றில் டோக்கனுக்கு வாக்கு, மற்றதில் குடிமக்களாக ஏற்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஒன்று.

டோக்கன் வாக்கை அப்படியே விட்டுவைப்பதும் பாதுகாப்பு இல்லை. 2022 ஏப்ரல் 17 அன்று பீன்ஸ்டாக் அமைப்பில் ஒருவர், ஒரே பரிமாற்றத்துக்குள் வாங்கித் திருப்பித் தரும் நொடிக் கடனைக் கொண்டு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு வலிமையைப் பெற்று, முந்தைய நாள் தானே வைத்திருந்த முன்மொழிவை நிறைவேற்றிக்கொண்டார். இழப்பு 18 கோடி டாலருக்கு மேல். அந்தக் கணத்தில் அவரை விடப் பெரிய உறுப்பினர் அங்கே இல்லை.

கேள்வி: நான் டாவோவில் மொழிபெயர்க்கிறேன், புதியவர்களுக்கு வழிகாட்டுகிறேன். நிரலாளர்களுக்குக் கிடைப்பதில் சிறு பகுதிகூட எனக்குக் கிடைப்பதில்லை. கூட்டங்களோ என் நேரப்படி நள்ளிரவில். கைக்குழந்தை வேறு. விட்டுவிடலாமா?

விடுவதாக இருந்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் விடுங்கள் மகளே. அது உங்கள் உரிமை. அதற்கு முன் ஒரு முயற்சி செய்து பாருங்கள்.

நிரல் எழுதியவரின் வேலை பதிவேட்டில் தேதியோடு தெரிகிறது. நீங்கள் ஒருவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாலட் அமைத்துக் கொடுத்தது எங்கும் தெரிவதில்லை. கோஆர்டினேப் போன்ற முறைகளில் உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் புள்ளி வழங்கி ஊதியத்தைப் பிரிக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் கூட்டத்தில் அதிகம் காணப்படுகிறவருக்கே புள்ளிகள் போகின்றன. நள்ளிரவில் வர முடியாதவர் நினைவுக்கே வருவதில்லை. ஆகையால் உங்கள் வேலையை மாதம் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்: எத்தனை பேருக்கு உதவினீர்கள், எத்தனை முன்மொழிவுகளை மொழிபெயர்த்தீர்கள், அதனால் எந்தப் பிழை தெரியவந்தது. பிறகு அதை ஒரு நிதி முன்மொழிவாக வையுங்கள், உதவி கேட்கும் தொனி இல்லாமல். கூட்டத்தில் எடுத்த முடிவு எதுவும் எழுத்தில் வெளியாகி 72 மணி நேரம் கழியும் வரை செல்லாது என்று ஒரு விதியையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் டாவோவில் இந்த விதிக்காக நானும் வேறு இரண்டு தாய்மாரும் ஏழு மாதம் மன்றாடினோம். கிடைத்தது.

கேள்வி: வாக்களிப்பதால் சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். அமெரிக்காவின் சரக்கு எதிர்கால வணிக ஆணையம் 2022 செப்டம்பரில் ஊக்கி டாவோ மீது வழக்குத் தொடர்ந்தபோது, டோக்கனைக் கொண்டு வாக்களித்தவர்களையே அதன் உறுப்பினர்களாகக் கருதியது. 2023 ஜூனில் 6,43,542 டாலர் அபராதத்தோடு தீர்ப்பு வந்தது. வயோமிங் மாநிலம் 2021 ஜூலை முதல் டாவோக்கள் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனமாகப் பதிவு பெற வழிசெய்திருக்கிறது. நீங்கள் சேரும் அமைப்புக்கு அப்படி ஏதாவது சட்ட உருவம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் காத்திருங்கள்.

கேள்வி: இவ்வளவு குறைகளைச் சொல்கிறீர்கள். பிறகு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளாக எங்கள் டாவோவில் இருந்தும் ஒரு வார்த்தைகூட எழுதாத ஓர் உறுப்பினர் இருந்தார். பள்ளி ஆசிரியை. நாங்கள் இப்போது ஒவ்வொரு முன்மொழிவோடும் எளிய மொழியில் ஒரு விளக்கக் குறிப்பையும் வெளியிடுகிறோம். எழுதுவது நானும் இன்னொருவரும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அவர் முதன்முறையாக ஒரு கேள்வி எழுதினார்: "மூன்றாவது வரியில் பணம் போகும் முகவரி ஒருவருடையதா, பல பேர் கையொப்பமிட வேண்டிய பெட்டகமா?"

அதுவரை 40 பேருக்கு மேல் ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, குறிப்பை எழுதியவளே நான்தான். பார்த்தால் அது ஒரு தனிநபரின் முகவரி. முன்மொழிந்தவர் நேர்மையானவர், பெட்டகம் தயாராகாததால் அவசரத்தில் தன் முகவரியைப் போட்டுவிட்டேன் என்று அன்றே ஒப்புக்கொண்டு முன்மொழிவைத் திரும்பப் பெற்றார். மறுவாரம் ஐந்து பேர் கையொப்பமிடும் பெட்டகத்தின் முகவரியோடு மீண்டும் வைத்தார். ஆசிரியை இப்போது குறிப்பு எழுதும் குழுவில் மூன்றாவது ஆள். அடுத்த வாக்கெடுப்பு வியாழக்கிழமை தொடங்குகிறது. அதற்கான குறிப்பின் முதல் வரைவை அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார், நான் மெய்ப்புப் பார்க்கக் காத்திருக்கிறேன்.